தோற்கத்தான் வேண்டிய சண்டை

1

போன சனிக்கிழமை ஃப்ரீமாண்டில் வசந்தி ஆன்ட்டி வீட்டில் சாப்பாடு. எனக்கு அவர் உறவு இல்லை; கோயம்புத்தூரில் எங்கள் தெருக்காரருக்குத் தெரிந்தவர் என்ற அளவில் ஆன்ட்டி. கார் இல்லாத தமிழ்ப் பெண்களை வார இறுதியில் கூட்டிவந்து வயிற்றை நிரப்பி அனுப்புவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார். ஹாலில் அவருடைய பத்து வயது மகள் திவ்யா டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீரனுக்கு உயிர் ஒரு கோட்டளவுக்குச் சுருங்கியது. அவன் கீழே விழுவதற்குள் பாய்ந்துபோய் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

“ஏன் திவ்யா, முழுசா தோத்துட்டு அப்புறம் ஆரம்பிச்சா என்ன?” என்று கேட்டேன்.

“ஐ டோன்ட் லூஸ்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அங்கிளுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியாம்மா? இங்கயே பொறந்தவ. அமெரிக்கன் மைண்ட். தோல்வின்ற பேச்சே கிடையாது. ஜப்பான்காரன் அப்படி இல்ல, குனிஞ்சு ஒரு வணக்கம் போட்டு தோல்வியையும் வாங்கிப்பான். அது அவங்க ரத்தத்துல ஊறினது. நீ இந்த ஃபீல்டுதானே, கரெக்டா இல்லையா? ஆமா, கேமெல்லாம் பார்ட் டைம்தானே? மெயினா என்ன வேலை பண்றே?”

என் வாயில் மைசூர்பாகு இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வீட்டு லோனுக்குப் போய்விட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்படியே நெஞ்சில் நிற்கிறது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த ரத்தக் கதையை நான் நாலு மாதம் அலுவலகத்தில் தினமும் கேட்டேன். அதற்காக என் வேலையே போகப் பார்த்தது.

2

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி மண்டையைப் போட்டுவிடும் என்று பயந்து, அமெரிக்கா நம் ஊரிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்ததே, அந்தக் கூடையில் நானும் ஒருத்தி. நியூஜெர்சி எடிசனில் ஒரு அபார்ட்மென்டில் ஐந்து பெண்கள். தினமும் ரயிலேறி நியூயார்க் போய் ஒரு வங்கியின் பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடங்களை நான்கு இலக்கமாக்கினோம். புத்தாண்டு பிறந்தது. ஒன்றும் ஆகவில்லை. உலகம் பிழைத்தது, எங்கள் வேலை போயிற்று. வேறு வேலை தேடிக்கொள்ள, எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சி சில வாரம் மட்டும் தன் கணக்கில் வைத்திருந்தது.

மற்ற நால்வரும் டேட்டாபேஸ் படிக்கப் போனார்கள். நான் வீடியோ கேம் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். கடைசியில் நாட்டின் மேற்குக் கோடியில், இங்கே சான்டா கிளாராவில், ஒரு பல் டாக்டருக்கும் ஒரு வருமான வரி ஆலோசகருக்கும் நடுவில் இருக்கும் இருபது பேர் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. ஜப்பானில் செய்த கேம்களை வாங்கி அமெரிக்கர்களுக்கு ஏற்றபடி மாற்றி விற்பது தொழில். முதல் வாரம் முழுக்க சுதாவாகிய என்னை ‘சுப்ரா’ என்று கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா சுப்பிரமணியத்தின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டதால் வந்த வினை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் அதைச் சரிசெய்ய என்னோடு அரை நாள் வரிசையில் நின்றவர் கெவின், என் மேலாளர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைக் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, “வீடியோ கேம்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. பையன் வீட்டுக்காரங்க வேற மாதிரி நெனச்சுக்குவாங்க. சாஃப்ட்வேர்னு சொன்னாப் போதும்,” என்றாள்.

“இதும் சாஃப்ட்வேர்தாம்மா.”

“அப்ப அப்படிச் சொல்றதுக்கென்ன கேடு உனக்கு?”

வேலை எனக்குப் பிடித்திருந்தது. ரசனை வித்தியாசம் என்ற ஒன்று இல்லவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஜப்பானிய அட்டைப்படத்தில் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருப்பான். இங்கே அவன் புருவத்தை இறக்கி, பல்லைக் கடிக்கவைத்து அனுப்புவோம். ‘புருவத்தை இன்னும் இறக்கு’ என்பது எங்கள் ஓவியருக்கு அதிகாரபூர்வமாக வரும் உத்தரவு. அங்கே ‘சரி’ என்பதற்கு வட்டப் பொத்தான், இங்கே பெருக்கல் குறி. இங்குள்ள பையன்களுக்கு வீரனின் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்து, துப்பாக்கி முனை மட்டும் தெரிய ஓட வேண்டும். ஒசாகாவிலிருந்து வரும் விருந்தாளிகள் அதை ஐந்து நிமிடம் பார்த்தால் தலைசுற்றுகிறது என்று வெளியே போய் நின்றுகொள்வார்கள். அவர்களுக்கு வீரனின் முதுகு தெரிய வேண்டும்; அவனுக்கென்று ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு துக்கம் இருக்க வேண்டும். கதை கூட்டிப்போகும் வழியில் நடப்பார்கள். அமெரிக்கப் பையன் நிலைப்படியிலேயே நின்று, இந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்பான்.

பழக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ரத்தம் என்றால்தான் எனக்கு ஆகாது.

3

சண்டை வந்தது ஒரு சண்டையைப் பற்றித்தான்.

நாங்கள் மாற்றிக்கொண்டிருந்த கேமின் நாயகன் ஒரு படகோட்டி. தங்கையைத் தேடிப் போகிறான். சில மணி நேரம் ஆடியபிறகு ஒரு கோட்டைத் தளபதியோடு மோதுகிறான். அந்தத் தளபதியை யாராலும் ஜெயிக்க முடியாது. எவ்வளவு அடித்தாலும் அவன் உயிர் குறையாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நாயகன் விழுகிறான். திரை இருண்டுபோகிறது. சும்மா கண் சிமிட்டும் இருட்டு இல்லை, டி.வி. கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நீளமான இருட்டு. அப்புறம் மெல்ல ஒரு பாதாளச் சிறை தெரிகிறது. தங்கையைப் பற்றிய முதல் துப்பு அங்கேதான் கிடைக்கிறது. கதையே அங்கேதான் தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம்.

கேமை வெளியிடுவதற்கு முன் வெளியாட்களைக் கூட்டிவந்து ஆடவிட்டுப் பார்ப்போம். அவர்கள் ஒரு அறையில், பீட்சாவோடு. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஏறக்குறைய மூச்சுவிடாமல். பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு கல்லூரிப் பையன் தளபதியிடம் விழுந்தான். திரை இருண்டது. உடனே ரீசெட். மறுபடி அதே சண்டை, அதே இருட்டு, அதே ரீசெட். மதியம் முழுக்க இதையே செய்துவிட்டு, கருத்துக் கேட்டபோது, “இந்த கேம் உடைஞ்சு போயிருக்கு,” என்றான். அன்று வந்த எல்லாருமே ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள்.

கெவின் பேசியதை நம் பேச்சில் தருகிறேன். “காசு குடுத்து வாங்கறான் சுதா. அவன்கிட்ட போய், நீ என்ன பண்ணினாலும் தோப்பேன்னு சொன்னா, டிஸ்கைக் கடையில திருப்பிக் குடுத்துடுவான். ஜப்பான்ல தோல்வின்னா கௌரவம், விதி, உதிர்ற பூ. இங்க அது ரிப்பேர். தளபதியை ஜெயிக்கற மாதிரி மாத்திடு.”

“ஜெயிச்சா அப்புறம் அவன் எதுக்கு ஜெயில்ல கெடக்கான்?”

“படியில வழுக்கி விழுந்தான்னு வச்சுக்கலாம்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை எழுத எனக்குப் பத்து நாள் கொடுத்தார்.

4

தொப்பிக்காரப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் நான்தான்.

பெரியப்பா வீடு, பீளமேடு. பெரியப்பாவின் நண்பர் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜப்பானிய கேம் பெட்டியும் ஒரே ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எழுத்தெல்லாம் ஜப்பான். பெரியப்பா மகன் செந்தில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு எழுத்து தெரியாது. இடத்தை வைத்துப் பழகினோம். மேலிருந்து இரண்டாவது வரி அடி, மூன்றாவது வரி தண்ணி மந்திரம், நாலாவதைத் தொட்டால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடும், தொடக்கூடாது. கதையையும் நாங்களே கட்டிக்கொண்டோம். அதில் ஒரு மீசைக்காரன் வருவான். அவனைத் தாண்ட எங்களால் முடியவே இல்லை. உயிர் கோட்டளவுக்கு வந்ததும் செந்தில் அண்ணன் கத்துவான்: “அமுக்கு புள்ள, அமுக்கு, செத்துப்போயிருவோம்!” நான் ரீசெட்டை அமுக்குவேன். சாவதற்கு முன்னால் அணைத்துவிட்டால் அது தோல்வி ஆகாது என்பது எங்கள் சட்டம். ஒரு முழுக் கோடை விடுமுறை இப்படியே போனது. அந்த கேமே அவ்வளவுதான், மீசைக்காரனிடம் அடி வாங்குவதற்கென்றே செய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டோம்.

ஒருநாள் யார் முறை என்பதில் எங்களுக்குள் அடிதடி. அவன் என் சடையைப் பிடித்திருந்தான், நான் அவன் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ரீசெட்டை அமுக்க ஆளில்லை. திரை இருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, இதுவரை கேட்டிராத ஒரு சங்கீதம் வந்தது. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆள் ஒரு வைக்கோல் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறான், உயிரோடு. செந்தில் அண்ணன் சடையை விட்டுவிட்டு, “இன்னும் இருக்குதாடி இது?” என்றான்.

கோயம்புத்தூரில், குனிந்து வணக்கம் போடவும் தெரியாமல், அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாமல், தொப்பிக்காரன் செய்ததையே நாங்களும் செய்தோம். எந்த ரத்தம் அது?

5

கேமை ஜப்பானில் உருவாக்கிய மோரிதா-சான் (‘சான்’ அவர்கள் ஊர் மரியாதை விகுதி) அடுத்த வாரம் ஒசாகாவிலிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தோளில் ஒரு துணிப் பை. அவருக்கு ஆங்கிலம் சொல் சொல்லாகத்தான் வரும். என் ஆங்கிலம் அவருக்கு வேகம். முதல் நாள் கூட்டத்தில் கெவின் ஒரு மணி நேரம் பேசினார்: ஜப்பானியர்கள் தோல்வியை எப்படி ரசிப்பவர்கள், அமெரிக்கர்களால் அது ஏன் முடியாது. மோரிதா-சான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அதைச் சம்மதம் என்று கெவின் எடுத்துக்கொண்டார். அது ‘காதில் விழுகிறது’ என்பதற்கான தலையாட்டல் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர்த் தலையாட்டலை இங்கே யாருக்கும் விளக்க முடியாமல் தவித்தவள் நான்.

மதியம் அவரைத் தனியாக உட்காரவைத்து, அமெரிக்க டிஸ்கில் அந்தச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். படகோட்டி விழுந்தான். திரை இருண்டது. மோரிதா-சான் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். நிமிர்ந்தார்.

“தண்ணீர் எங்கே?”

“எந்தத் தண்ணீர்?”

பையிலிருந்து ஜப்பானிய டிஸ்கை எடுத்துக் கொடுத்தார். ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். இருட்டுக்குள், எங்கோ கீழே, ஒரு சொட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு சொட்டு. எங்கள் அலுவலக இரைச்சலில் அதை யாரும் கேட்டதே இல்லை. எங்கள் டிஸ்கைத் தோண்டிப் பார்த்தேன். ஆங்கில வசனங்களுக்கு இடம் வேண்டுமென்று சத்தங்களையெல்லாம் புதிதாக அடுக்கியபோது, அடுக்கும் புரோகிராம் மிக மெல்லிய சத்தங்களை நிசப்தம் என்று எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டிருந்தது.

அவரை சன்னிவேலில் ஒரு தோசைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கையால் சாப்பிடலாம் என்றதும் துணிப் பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கை வரை சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“அந்தத் தண்ணீரை எதற்காக வைத்தீர்கள்?”

“ரீசெட். எல்லாரும் ரீசெட்.”

“எல்லாரும் என்றால்?”

“ஒசாகா பிள்ளைகள். ஆடிப் பார்க்க வந்தவர்கள். எல்லாரும். என் தலைவர் சொன்னார், வெட்டு, ஜெயிக்க விடு.” சட்னியைத் தொட்டு ருசி பார்த்தார். “நான் வெட்டவில்லை. தண்ணீர் வைத்தேன். சொட்டு கேட்டால், உள்ளே இடம் இருக்கிறது. இடம் இருந்தால், காத்திருக்கலாம்.”

தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். “இதைக் கெவினிடம் சொல்லியிருக்கலாமே?”

“கெவின்-சான் கேட்கவில்லை. ஜப்பானியர்களைப் பற்றி எனக்கு விளக்கினார். ரொம்ப மரியாதையாக விளக்கினார்.”

மீசைக்காரன் கதையை அவரிடம் மட்டும் சொன்னேன். கடித்த கையைப் பற்றிச் சொன்னபோது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

6

மறுநாள் காலை கெவினின் அறைக்குப் போனேன். தண்ணீர்ச் சத்தத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டதாகச் சொன்னேன். ஒசாகாப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் நம்பவில்லை, மோரிதா மரியாதைக்காக அப்படிச் சொல்லியிருப்பார் என்றார்.

“சரி. ஆனா தளபதியை ஜெயிக்கற மாதிரி புரோகிராமை நான் மாத்தமாட்டேன் கெவின்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “எழுதலன்னா வேற ஆளைப் போடணும். அப்புறம் உன்னை எதுக்கு வச்சிருக்கேன்னு மேல கேப்பாங்க. உன் விசா இந்த வேலையிலதான் தொங்குது, தெரியுமில்ல?”

தெரியாதா? வேலை போன மறுநாளே இங்கே நான் சட்டப்படி இருக்கக் கூடாதவள். பெட்டி கட்ட வேண்டியதுதான். “இன்னொரு தடவை வெளியாளுங்களைக் கூட்டிட்டு வாங்க,” என்றேன். “தண்ணியோட ஆடட்டும். அப்பவும் எல்லாரும் ரீசெட்டை அமுக்கினா வேற ஆளை வச்சு எழுதிக்குங்க. நான் மேசையைக் காலி பண்றேன்.”

“ஒரு சொட்டுத் தண்ணிக்காகவா?”

“நீங்க ஒரு நாட்டையே காரணம் சொன்னீங்க. அதுக்கு இது எவ்வளவோ சின்னது.”

கெவின் காலண்டரைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை என்றார்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. “ஒரு பொம்மை தோக்கறதுக்கா நீ வேலைய உடப்போற?” என்றாள்.

“இன்ன ஊர்க்காரன் இப்படித்தான்னு ஒருத்தர் அவராவே முடிவு பண்ணிக்கறாரு. அதுக்கு ஏத்த மாதிரி நான் எழுதிக் குடுக்கணுமாம்மா?”

காசு கட்டி வாங்கிய போன் கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. “பையன் வீட்டுல கேக்கறாங்க கண்ணு. உனக்கு வேலை இருக்குதுன்னு சொல்லட்டா, இல்லைன்னு சொல்லட்டா?”

“வெள்ளிக்கெழமை வரைக்கும் இருக்குதுன்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், எல்லாருமே புதியவர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கெவின், மோரிதா-சான், நான். முதலில் தளபதியிடம் விழுந்தவள் ஒரு பெண். திரை இருண்டதும் ரீசெட்டை அமுக்கினாள். கெவின் என்னைப் பார்க்கவில்லை, அதுவே நாகரிகம்தான். அடுத்தவன் ஒரு தடியான பையன். விழுந்தான், கெட்ட வார்த்தை சொன்னான், கையை ரீசெட்டுக்குக் கொண்டுபோனான். பொத்தானின் மேல் விரல் இருந்தது. அமுக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சிறை தெரிந்ததும் பக்கத்துப் பையனின் முழங்கையை இடித்து, “டேய், டேய், நிறுத்தாதே, இன்னும் இருக்கு,” என்றான், அவர்கள் மொழியில். ஆறில் நாலு பேர் காத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கெவின் தானே அறைக்குள் போய்த் தடியான பையனிடம், ஏன் அமுக்கவில்லை என்று கேட்டார்.

“உள்ள ஏதோ சொட்டுச்சு,” என்றான் அவன். “என்னன்னு பாக்கலாம்னு.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கெவின் அறிவித்தார். சண்டை அப்படியே இருக்கும், தளபதி ஜெயிப்பார், தண்ணீர் சொட்டும், சுதா இங்கேயே இருப்பாள். தவறாக நினைத்ததை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பழக்கம் விடுகிறதா? மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போய் ‘ஜப்பான்’ என்று எழுதினார், பக்கத்தில் ‘அமெரிக்கா’ என்று எழுதினார், இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட்டார். கொஞ்சம் யோசித்து மூன்றாவதாக ‘இந்தியா’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உங்க ஆளுங்க எப்படி சுதா? அமுக்குவாங்களா, காத்திருப்பாங்களா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மோரிதா-சான் மட்டும் மேசையைப் பார்த்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சொல்ல ஒரு பதில் என்னிடம் இருந்தது. சொன்னால் அடுத்த நிமிடமே நூறு கோடிப் பேருக்கும் அதுதான் குணம் என்று பலகையில் ஏறிவிடும்.

“இந்தியாவுல இதை விக்கப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லையே. ஏன்?”

“விக்கப் போகும்போது அங்கயே கேட்டுக்குங்க. நான் ஒருத்தி சொன்னாப் பத்தாது, ஒவ்வொருத்தரா கேக்கணும்.”